ஐந்தாம் இலக்கம்

சோளகம் தொடங்கி மூன்றாம் கிழமை.
மல்லாவிச் சந்தியில் எழும்புகிற கிறவல் புழுதி
ஜன்னலால் வந்து தாள் தட்டில் செம்மையாய்ப் படிகிறது.
தாள்களை எடுத்து உதறித் தட்டித் திரும்ப வைக்கிறேன்.
பிழை அது இல்லை.

முன்னறையில் என் கணினி,
அதன் முதுகில் ஒரு வயர்,
வயரின் நுனியில் பிரிண்டர்.
சோதனைத் தாள் கேட்டால் மறுக்காமல் தருகிறது.
பின்வளவில், கிணற்றுக்கு அங்கால்,
தகரக் கொட்டிலுக்குள் வாகீசனின் மடிக்கணினிக்குத்தான்
அப்படியொரு பிரிண்டர் இந்த உலகத்திலேயே இல்லை.

"அண்ணி, இப்ப அனுப்பினனான். வந்ததோ?"
"இல்லை."
"இப்ப?"
"இல்லையடா."
வைஃபையை விட எங்கள் தொண்டை வேகம்.
கிணற்றடியில் நின்ற மயில்
இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையைத் திருப்பியது.

நிறுத்திப் போட்டோம்.
கழற்றிப் பூட்டினோம்.
இவர் குளித்துவிட்டு வந்து, துவாயோடு நின்று,
"அடியில ஒரு தட்டுத் தட்டிப் பாருமன்" என்றார்.
தண்ணீர் இறைக்கிற மோட்டருக்கு அது சரிவரும்.

கடைசியில் நானே கொட்டிலுக்குப் போனேன்.
பிரிண்டர் இருக்க வேண்டிய இலக்கம் ஐந்து.
கறுப்புத் திரையில் ஐந்தைக் கூப்பிட்டேன்.
நாலு தரம் கூப்பிட, நாலு தரமும் பதில்.
இதுதான் விளங்கவில்லை.
ஆள் இருக்கு, தட்டினால் ஓம் என்கிறது,
அச்சடி என்றால் மட்டும் பேச்சு மூச்சில்லை.

ரவுட்டரின் பட்டியலைத் திறந்தபோது தெரிந்தது.
செவ்வாய் இரவு கரண்ட் போய் வந்த கையோடு
அது எல்லாருக்கும் புதிதாய் இலக்கம் பங்கிட்டிருக்கிறது,
முந்தி வந்தவருக்கு முந்தி.
நித்திரையால் பிந்தி எழும்பிய என் கணினி
ஒன்பதில் போய்க் குந்திவிட்டது,
ஒருவருக்கும் சொல்லாமல்.
ஐந்தில் இருப்பது வாகீசனின் புது ஃபோன்.

நாங்கள் திரும்பி வந்த வருசம்
எங்கள் காணிக்குள் வேறொரு குடும்பம் கூடாரம் போட்டிருந்தது.
படலையில் நின்று கூப்பிட
ஒரு பெண் அகப்பையோடு வெளியில் வந்து
"ஓம், ஆர் வேணும்?" என்றாள்.
அவளிலும் பிழையில்லை.
அவளுடைய காணிக்குள் முட்கம்பி.
அதைத் தீர்க்க இரண்டு வருசமும்
ஒரு கட்டுக் கடிதமும் போனது.

இது அவ்வளவு பெரிய வழக்கில்லை.
"ஃபோனை நிப்பாட்டு" என்றேன். நிப்பாட்டினான்.
முன்னறைக்கு வந்து,
'தானாகப் பெறுக' என்ற இடத்தில் இருந்த சரியை எடுத்துவிட்டு
ஐந்து என்று கையால் எழுதினேன்.
ரவுட்டரிலும் எழுதினேன்,
இந்த இலக்கம் இனி ஒருவருக்கும் கொடுபடாது என்று.
கிராம அலுவலர் பதிந்தால்கூட
இவ்வளவு உறுதி வந்திராது.

பிரிண்டர் செருமியது.
செவ்வாய் முதல் வரிசையில் நின்றதெல்லாம்
ஒன்றன்பின் ஒன்றாய் வரத் தொடங்கியது.
முதலில், ஆவணியில் வவுனிக்குளத்தில் நடக்கிற
மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கான அணி விபரம்.
தலைவர்: ப. வாகீசன்.
பிறகு ஒரு விண்ணப்பம்.
போலந்து, இறைச்சி பொதி செய்யும் தொழிற்சாலை, மூன்று வருட ஒப்பந்தம்.
வரவில்லை, வரவில்லை என்று அவன் அமத்தின அமத்தலுக்கு
அதே விண்ணப்பம் நாலு தரம்.

தாள்களை எடுத்தது இவர்.
முதலாவதை முழுக்க வாசித்தார்.
இரண்டாவதையும் வாசித்தார், மாறியிருக்கும் என்பதுபோல.
நாலாவதை வெளிச்சத்துக்குப் பிடித்து
"கறுப்பு மை முடியுது போல" என்றார்.

"வந்ததோ அண்ணி?"
"வந்தது."
"எத்தினை?"
"எல்லாம் வந்தது."
கிணற்றுக்கு அங்கால் சத்தமில்லை.
மயிலும் போய்விட்டது.

பிறகு, சரியான மெதுவாக,
"ஃபோனை இனிப் போடட்டோ?"

இவரைப் பார்த்தேன்.
ஈரத் துவாயைக் கொடியில் போட்டு
மூலை மூலையாய் இழுத்துக்கொண்டிருந்தார்.

"போடு" என்றேன்.
"வேற இலக்கம் கிடைக்கும்."